அவசர சிகிச்சையை எங்கே பழகுவது?

(மருத்துவ மாணவர்களும் செவிலிய மாணவிகளும் ஆசிரியர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மெய்நிகர் கருவிகளைக் கொண்டு அவசர சிகிச்சையைக் கற்பிப்பது பற்றிப் பேசுமாறு அழைத்திருக்கிறீர்கள். கருவிக்கு வருவதற்கு முன் ஒரு கேள்வி. இங்கே அமர்ந்திருக்கும் மூத்த மருத்துவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாளில், முதன்முறையாக ஒருவரின் தொண்டைக்குள் டியூப் செலுத்தியிருப்போம். முதன்முறையாக ஒருவரின் விலாவைத் திறந்து வடிகுழாய் வைத்திருப்போம். அந்த ஒருவர் யார்? பெரும்பாலும், அரசு மருத்துவமனைக்கு நள்ளிரவில் தூக்கிவரப்பட்ட ஒரு கூலித் தொழிலாளி. அவரிடம் அனுமதி கேட்க முடியாது. அவருக்கு நினைவு இல்லை. வெளியே நிற்கும் மனைவியிடமும் ‘இன்றுதான் நான் முதன்முறையாகச் செய்யப்போகிறேன்’ என்று எந்த ஹவுஸ் சர்ஜனும் சொல்லியதில்லை. வசதி உள்ளவர், பல நூறு முறை செய்து பழகிய கையைத் தேடிப்போய்த் தன்னை ஒப்படைக்கிறார். அந்தக் கை பழகியது ஏழையின் உடம்பில். இதை நாம் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும்.

‘ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைச் சொல்லிக்கொடு’ என்பது மருத்துவக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாக வழங்கிவரும் பாடம். பார்ப்பதற்கும் செய்வதற்கும் இடையே அதில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. தவறு செய்து, அதனால் எவருக்கும் தீங்கு நேராமல், உடனே திரும்பச் செய்து பார்க்கிற படி அது. மெய்நிகர் பயிற்சியை நான் வரவேற்பது அந்தப் படிக்காகத்தான். ஆனால் அது எதைக் கற்றுக்கொடுக்கும், எதைக் கற்றுக்கொடுக்காது என்று தெரியாமல் வாங்கி வைத்தால், இன்னொரு வகை ஆபத்தை உள்ளே அழைத்துவந்தவர்களாவோம். இன்றைய பேச்சு முழுவதும் அந்த எல்லைக்கோட்டைப் பற்றியதுதான்.

இந்தப் படியை முதலில் கட்டியவர்கள் விமானிகள். அமெரிக்காவில் பிங்ஹாம்ப்டன் என்ற ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் தந்தைக்கு ஆர்கன், பியானோ செய்யும் தொழிற்சாலை இருந்தது. ஆர்கனுக்குக் காற்று ஊதும் துருத்திகளையும் வால்வுகளையும் வைத்து, தரையில் நின்றபடியே சாய்ந்து திரும்பும் ஒரு சிறிய விமானப் பெட்டியை லிங்க் 1929 வாக்கில் உருவாக்கினார். அன்று அதைப் பெரும்பாலும் பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-இல் அமெரிக்க ராணுவம் தபால் விமானங்களை ஓட்டும் பொறுப்பை ஏற்றது. மேகத்திலும் இரவிலும் கருவிகளைப் பார்த்து ஓட்டப் பழகாத இளம் விமானிகள் சில வாரங்களுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகே ராணுவம் லிங்கின் பெட்டிகள் ஆறு வாங்கியது. இரண்டாம் உலகப் போருக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன. விமானி இறந்தால் விமானமும் போகிறது. அதனால் அந்தத் துறை விரைவில் பாடம் கற்றது. மருத்துவத்தில் இறப்பவர் வேறொருவர். நாம் மெதுவாகக் கற்றோம்.

ஆனாலும் கற்காமல் இல்லை. 1960-இல் நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால், மயக்கவியல் மருத்துவர்களான பீட்டர் சாஃபர், பியோர்ன் லிண்ட் ஆகியோரின் ஆலோசனையோடு செய்த ‘ரெசஸி ஆன்’ என்ற பொம்மையை இங்கே எல்லோரும் அறிவீர்கள். வாயோடு வாய் வைத்து ஊதப் பழகுவதற்காகவே அது முதலில் திட்டமிடப்பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் கூவென்ஹோவனும் அவருடைய சகாக்களும் நெஞ்சை வெளியிலிருந்து அழுத்தியே ரத்த ஓட்டத்தைக் காக்க முடியும் என்று அதே ஆண்டில் எழுதியதும், பொம்மையின் நெஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங் சேர்ந்தது. ஒரு ஸ்பிரிங்தான். உலகம் முழுவதும் கோடிக்கணக்கானவர்கள் சி.பி.ஆர். கற்றது அந்த ஸ்பிரிங்கில். அதே பத்தாண்டில் தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டென்சனும் ஆப்ரஹாம்சனும் ‘சிம் ஒன்’ என்ற கணினிப் பொம்மையைச் செய்தார்கள். அது கண் சிமிட்டியது, அதன் நாடி துடித்தது, கொடுத்த மருந்துக்கு ஏற்ப அதன் உடல்நிலை மாறியது. விலை தாங்க முடியாததால் ஒன்றோடு நின்றுபோயிற்று. கருவி எவ்வளவு சிறந்தது என்பதைவிட, அது எத்தனை கைகளுக்கு எட்டுகிறது என்பதே பயிற்சியில் முக்கியம் என்பதற்கு இந்த இரண்டு பொம்மைகளும் சாட்சி.

இப்போது ஹெட்செட்டுக்கு வருகிறேன். கண்ணை முழுவதும் மறைக்கும் இந்தக் கருவி, நீங்கள் தலையைத் திருப்பும்போதும் குனியும்போதும் அந்த அசைவை அளந்து, அதற்கேற்ற காட்சியை இரு கண்களுக்கும் தனித்தனியே வரைகிறது. உள்ளே ஒரு கேஷுவாலிட்டி அறை. ஸ்ட்ரெச்சரில் ஒரு நோயாளி. அவருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது: ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, ஆக்சிஜன் அளவு. நீங்கள் ஆக்சிஜன் வைத்தால் அளவு ஏறும். ஒன்றும் செய்யாமல் நின்றால் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கும். நீங்கள் எந்த நொடியில் எதைச் செய்தீர்கள், மானிட்டரை எப்போது பார்த்தீர்கள், நோயாளியின் முகத்தைப் பார்த்தீர்களா இல்லையா என்பது வரை பதிவாகிறது.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். நாற்பது வயதுப் பெண். காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட இரண்டு நிமிடத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இழுக்கிறது. இது அனஃபைலாக்சிஸ் என்று தேர்வுத்தாளில் எழுதாத மாணவர் இல்லை. முதல் மருந்து அட்ரினலின், அரை மில்லிகிராம், தொடையின் வெளிப்பக்கத் தசையில் என்பதையும் எழுதுவார்கள். ஆனால் நிஜத்தில் என்ன நடக்கிறது? கை முதலில் போவது அலர்ஜி மருந்தான அவிலுக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாவுக்கும். அட்ரினலின் என்றால் ‘இதயத்துக்கு ஏதாவது ஆகிவிடுமோ’ என்ற பயம். மருந்து ஊசியால் வரும் அனஃபைலாக்சிஸில் இறந்தவர்களுக்கு, சரிபாதிப் பேருக்கு, ஐந்து நிமிடத்துக்குள்ளேயே மூச்சோ இதயமோ நின்றுவிட்டது என்று பிரிட்டனில் பம்ஃப்ரி 2000-ஆம் ஆண்டில் காட்டினார். அவிலை ஏற்றி, அது வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க அங்கே நேரம் கிடையாது.

இந்த இடத்தில் கைத்திறன் ஒரு பிரச்சினையே அல்ல. தொடையில் ஊசி போட எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததைத் தக்க நொடியில் துணிந்து செய்வதுதான் கடினம். அந்தத் துணிவைப் பாடப்புத்தகம் தராது. அதே நோயாளியைப் பத்து விதமாக, பத்து முகங்களோடு, ஒவ்வொரு தடவையும் கடிகாரம் ஓட ஓடப் பார்த்துப் பழகியவருக்கு அது வரும். மெய்நிகர் அறையின் முதல் பயன் இதுதான்: கண்டுகொள்வது, முடிவெடுப்பது, வரிசை தவறாமல் செய்வது.

கைத்திறனுக்கு வந்தால் கதை மாறுகிறது. நெதர்லாந்தில் லோலேண்ட்ஸ் என்ற இசைத் திருவிழாவுக்கு 2019-இல் வந்தவர்களில் 381 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பாதிக்கு ஆசிரியர் நேரில் நின்று பொம்மையில் சி.பி.ஆர். கற்றுக்கொடுத்தார். மறுபாதி மெய்நிகர் செயலியில் கற்றது. பிறகு எல்லோரையும் சோதித்தார்கள். அழுத்தும் வேகத்தில் இரு பிரிவினரும் தேறினார்கள். நிமிடத்துக்கு நேர்ப்பயிற்சியில் சராசரி 109, மெய்நிகரில் 114. இரண்டும் 100 முதல் 120 என்ற வரம்புக்குள். ஆழத்தில்தான் வித்தியாசம். நேரில் கற்றவர்கள் சராசரியாக 57 மில்லிமீட்டர் அழுத்தினார்கள். ஹெட்செட்டில் கற்றவர்கள் 49. நெஞ்சு குறைந்தது 50 மில்லிமீட்டராவது இறங்க வேண்டும். சராசரியே அதற்குக் கீழே என்றால், அந்தக் குழுவில் பலர் அதைவிட மிகக் குறைவாக அழுத்தியிருக்கிறார்கள் என்று பொருள். மூளைக்கு ரத்தம் போவது அந்த ஆழத்தைப் பொறுத்தது.

இந்த ஆய்வை நான் மிகவும் மதிக்கிறேன். வேகம் என்பது காதாலும் கண்ணாலும் கற்கக்கூடியது. தாளம் கேட்டால் போதும். ஆழம் என்பது முழங்கை மடங்காமல் தோளிலிருந்து இறங்கும் எடை. எதிரே ஒரு தடை இருந்தால்தான் அதைக் கற்க முடியும். ஹெட்செட்டோடு வரும் கைப்பிடி அதிரும், தடுக்காது. விலா எலும்புகளுக்கு நடுவே வடிகுழாய் வைக்கும்போது நுரையீரல் உறையைத் தாண்டுகிற அந்தச் சின்ன ‘பொட்’ என்ற உணர்வு அதில் இல்லை. லாரிங்கோஸ்கோப்பை மேலே தூக்கும்போது பல்லில் சாய்க்காமல் இருக்க வேண்டிய மணிக்கட்டின் பிடி அதில் இல்லை. இதையெல்லாம் மெய்நிகரில் கற்றுவிட்டேன் என்று ஒரு மாணவர் நம்பினால், கற்காதவரைவிட அவர் ஆபத்தானவர். தெரியாதவர் மூத்தவரைக் கூப்பிடுவார். தெரியும் என்று நம்புகிறவர் கூப்பிட மாட்டார்.

அப்படியானால் மெய்நிகரில் கைத்திறன் வரவே வராதா? வரும், ஒரு நிபந்தனையோடு. 2002-இல் யேல் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்ட புகழ்பெற்ற ஆய்வு ஒன்று உண்டு. அறுவை சிகிச்சை பயிலும் 16 மருத்துவர்களில் பாதிப் பேருக்கு மெய்நிகர் பயிற்சி கொடுத்து, பிறகு எல்லோரையும் உண்மையான நோயாளிக்கு லேப்பரோஸ்கோப்பி முறையில் பித்தப்பையைப் பிரித்தெடுக்கச் செய்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் 29 சதவீதம் வேகமாகச் செய்தார்கள். பயிற்சி பெறாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ, சுடக் கூடாத திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அங்கே மட்டும் ஏன் பலித்தது? லேப்பரோஸ்கோப்பி என்பதே திரையைப் பார்த்துக்கொண்டு நீண்ட கம்பிகளால் செய்யும் வேலை. பயிற்சிக் கருவியில் கை பிடித்ததும் அதேபோன்ற கம்பிதான், கண் பார்த்ததும் திரைதான். கை பிடிக்கும் பொருள் நிஜத்தில் பிடிப்பதைப் போலவே இருக்குமானால் கை கற்கும். ஆகவே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டே, கீழே உண்மையான பொம்மையின் நெஞ்சை அழுத்தும்படி இரண்டையும் இணைப்பது நல்ல வழி. காட்சி மெய்நிகர், தடை நிஜம். அது முடியாத இடத்தில், காலையில் ஹெட்செட், மாலையில் பொம்மை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்று என்று மட்டும் எந்த நிர்வாகமும் முடிவெடுத்துவிட வேண்டாம்.

பொம்மையால் முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இது.

வாடிப்பட்டிப் பக்கமோ திருத்துறைப்பூண்டிப் பக்கமோ ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த பதினாறு வயதுப் பையன் விடியற்காலை மூன்று மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறான். வாந்தி. ‘ராத்திரி பரோட்டா சாப்பிட்டான் சார், அதான்’ என்கிறார் அப்பா. கேஷுவாலிட்டியில் ரானிடிடின் ஊசி போட்டு உட்கார வைக்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் பையனின் இமைகள் தொங்குகின்றன. தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடுகிறார்கள். எச்சில் விழுங்க முடியவில்லை. பேச்சு மூக்கால் வருகிறது. பிறகு மூச்சு மேலோட்டமாகி, நின்றுவிடுகிறது.

கட்டு விரியன். இரவில் ஊர்ந்து வந்து, தரையில் தூங்குகிறவரைக் கடிக்கும். பல நேரம் வலியே தெரியாது, கடித்த தடமும் தெரியாது. வயிற்றுவலிதான் முதல் அறிகுறியாக வரும். அதன் நஞ்சு நரம்பு முனைகளைத் தாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்கிறது. அறிவு தெளிவாக இருக்கும், ஆனால் விரலை அசைக்கவும் முடியாது. கண்மணி விரிந்து வெளிச்சத்துக்கு அசையாமல் நிற்பதால், மூளைச் சாவு என்று தவறாக முடிவுகட்டும் ஆபத்தும் உண்டு. விஷமுறிவு மருந்து கொடுத்தாலும் ஏற்கெனவே செயலிழந்த நரம்பு முனைகள் உடனே திரும்புவதில்லை. அந்தப் பையனைக் காப்பாற்றுவது வென்டிலேட்டர். அது வரும் வரை, மூச்சு கொடுக்கும் அம்பு பேக்கை விடாமல் அழுத்துகிற ஒரு ஜோடிக் கைகள். சில நாட்களில் அவன் எழுந்து நடந்து வீட்டுக்குப் போவான். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரி 58,000 என்று 2020-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள்.

இந்த நோயாளியைப் பொம்மையை வைத்துக் கற்பிக்க முயன்றிருக்கிறேன். பெரும்பாலான பொம்மைகளுக்கு இமை தொங்காது. ஆகவே ஆசிரியர் பக்கத்தில் நின்று, ‘இப்போது இமை தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் பாடம் போய்விட்டது. அதைத் தானாகக் கவனிப்பதுதான் மாணவர் கற்க வேண்டியது. மெய்நிகர் நோயாளிக்கு இமை தொங்கும், மெதுவாக, யாரும் சொல்லாமல். அந்த நேரத்தில் பையனின் அப்பா பேசிக்கொண்டிருப்பார், பக்கத்துக் கட்டிலில் விபத்தில் அடிபட்டவர் கத்திக்கொண்டிருப்பார், ஒரு காவலர் விபத்துப் பதிவேட்டின் நகலை (ஏ.ஆர். காப்பி) கேட்டு நிற்பார். அத்தனைக்கும் நடுவில் அந்த இமையைப் பார்க்கிறவர் பையனைக் காப்பாற்றுவார். இந்தப் பயிற்சியை வேறு எந்தக் கருவியும் இப்படிக் கொடுக்க முடியாது.

ஆனால் சந்தையில் கிடைக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுதப்பட்டவை. அங்கே வரும் நோயாளிக்குத் தனி அறை, பக்கத்தில் கனிவான செவிலியர், கூட்டம் இல்லை, ஆங்கிலத்தில் தெளிவாகத் தன் வலியைச் சொல்கிறார். ஓபியாய்டு போதை மிகைப்பட்டவரை அவை நன்றாகக் காட்டும். பூச்சிமருந்து குடித்துவிட்டு, கண்மணி ஊசிமுனையாய்ச் சுருங்கி, வாயில் நுரை தள்ள வரும் விவசாயியை அவற்றில் தேட வேண்டியிருக்கும். அட்ரோபினை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக்கி, நெஞ்சில் நீர்ச்சத்தம் அடங்கும் வரை கொடுத்துப் பழக வேண்டியவர்கள் நாம். அரளி விதை அரைத்துக் குடித்த பெண்ணின் இதயத் துடிப்பு தடுமாறுவதை மானிட்டரில் பார்த்துப் பழக வேண்டியவர்கள் நாம். மெய்நிகரின் பலமே காட்சியைக் கண்டு அறிவது என்றால், அந்தக் காட்சி நம்முடையதாக இருக்க வேண்டும். இரவல் காட்சியில் பழகிய கண், நம் வாசலுக்கு வரும் நோயைக் காணாது.

இன்னொரு பயன் குழுவாகப் பழகுவது. இங்கிலாந்தில் 2005 மார்ச் மாதம், எலேன் ப்ரோமிலி என்ற 37 வயதுப் பெண் சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் போனார். உடலில் வேறு நோய் இல்லை. மயக்கம் கொடுத்ததும் மூச்சுக்குழாய் வழி கிடைக்கவில்லை. ஆக்சிஜன் அளவு 40-க்கு இறங்கியது. அறையில் அனுபவமுள்ள மருத்துவர்கள் மூவர் இருந்தார்கள். டியூப் போட மீண்டும் மீண்டும் முயன்றார்கள். ஒரு செவிலியர் கழுத்து வழியாக மூச்சு கொடுப்பதற்கான டிரக்கியாஸ்டமி தட்டைக் கொண்டுவந்து, தயாராக இருக்கிறது என்று சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் கேட்டு ஏற்பாடு செய்தார். மருத்துவர்களின் முகத்தைப் பார்த்ததும் தான் மிகையாக நடந்துகொண்டோமோ என்று நினைத்துத் திரும்ப ரத்து செய்தார். நேரம் போனது. பதின்மூன்று நாள் கழித்து எலேன் இறந்தார். அவருடைய கணவர் மார்ட்டின் ப்ரோமிலி ஒரு விமானி. தன் துறையில் ஒரு விபத்துக்குப் பிறகு என்ன கேட்பார்களோ அதைக் கேட்டார்: யாரைத் தண்டிப்பது என்றல்ல, அறையிலிருந்த திறமையெல்லாம் ஏன் பயன்படாமல் போனது என்று. மனிதர்கள் நெருக்கடியில் நடந்துகொள்ளும் விதத்தை ஆராய 2007-இல் ஓர் அமைப்பையும் தொடங்கினார்.

செவிலியருக்குத் தெரிந்திருந்தது. மருத்துவர் காதில் அது ஏறவில்லை. இதை வெளிநாட்டுக் கதை என்று ஒதுக்க நமக்குத் தகுதி இல்லை. நம் வார்டுகளில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தலைமை மருத்துவரைப் பார்த்து ‘சார், நீங்க செய்யறது சரியில்ல’ என்று சொல்லிவிட முடியுமா? முதலாண்டு பி.ஜி. தன் பேராசிரியரிடம் சொல்ல முடியுமா? மரியாதை நம் பண்பு. அது நோயாளியின் உயிரைக் குடிக்கும் மௌனமாக மாறக் கூடாது. ஸ்டான்ஃபோர்டில் டேவிட் கேபா 1990 வாக்கிலேயே விமானத் துறையின் குழுப் பயிற்சியை மயக்கவியலுக்குக் கொண்டுவந்தார். இன்று நான்கைந்து ஹெட்செட்டுகளை ஒரே மெய்நிகர் அறையில் இணைக்கலாம். மருத்துவ மாணவரும் செவிலிய மாணவியும் ஒன்றாக நிற்கலாம். இதயம் நின்ற நோயாளிக்கு ‘சிஸ்டர், அட்ரினலின் ஒரு மில்லிகிராம் ஐ.வி. கொடுங்க’ என்றால், ‘ஒரு மில்லிகிராம் ஐ.வி. கொடுத்தாச்சு டாக்டர்’ என்று பதில் வர வேண்டும். ‘சார், சாச்சுரேஷன் எழுபது. மூணு தடவை முயற்சி பண்ணிட்டோம். வேற வழி பார்க்கணும்’ என்று கடைசி வரிசையில் நிற்பவர் உரக்கச் சொல்லிப் பழக வேண்டும். பணிவோடும் சொல்லலாம், ஆனால் கேட்கும்படி சொல்ல வேண்டும். இந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகாத எவரும் நெருக்கடியில் சொல்லப்போவதில்லை.

சில நடைமுறை விஷயங்கள், சுருக்கமாக. ஹெட்செட்டை மாட்டினால் சிலருக்குத் தலைசுற்றும், குமட்டும். கண் நகர்கிறோம் என்கிறது, உட்காது நகரவில்லை என்கிறது, மூளை குழம்புகிறது. நின்ற இடத்திலேயே செய்யும் காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடி அணிபவர்களுக்கு ஏற்ற இடைவெளி வேண்டும். ஒருவர் முகத்தில் இருந்ததை அடுத்தவர் மாட்டுவதற்கு முன் துடைக்க வேண்டும். செலவைப் பொறுத்தவரை, உயர்தரக் கணினிப் பொம்மை ஒன்றின் விலையில் பல ஹெட்செட்டுகள் வாங்கலாம் என்பது உண்மை. சி.பி.ஆர். திறன் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தேய்ந்துவிடுகிறது என்று தெரிந்திருப்பதால், வருடத்துக்கு ஒரு நாள் முழுக்கப் பயிற்சி என்பதைவிட, அவ்வப்போது கால் மணி நேரம் என்பதே சிறந்தது. அதற்கு இந்தக் கருவி வெகு பொருத்தம்.

ஆனால் செலவுக் கணக்கில் ஒரு முக்கியமான தலைப்பு எப்போதும் விடுபட்டுப்போகிறது: ஆசிரியரின் நேரம். மயாமியின் பாரி இஸ்ஸன்பர்க் குழுவினர் மாதிரிப் பயிற்சிகளைப் பற்றிய பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் எழுதியபோது, கற்றலுக்கு மிக முக்கியமானதாக அவர்கள் கண்டது பயிற்சியின் போதும் பிறகும் மாணவருக்குக் கிடைக்கும் பின்னூட்டம். கருவியின் நேர்த்தி பட்டியலில் அதற்குப் பின்னால்தான். ஹெட்செட்டைக் கழற்றிய மாணவரிடம் திரை ஒரு மதிப்பெண் காட்டும். 62 என்று. அந்த 62-ஆல் என்ன பயன்? ‘இரண்டாவது நிமிடத்தில் ரத்த அழுத்தம் இறங்கியதைப் பார்த்தீர்கள். ஆனால் ஒன்றும் செய்யவில்லை. அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது?’ என்று பொறுமையாக, குற்றம் சுமத்தாமல் கேட்க ஓர் ஆசிரியர் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் மாணவர் கற்கிறார். கால் மணி நேரக் காட்சிக்கு அரை மணி நேர உரையாடல் என்று நான் கணக்கு வைப்பேன்.

2019-இல் வந்த திறன் அடிப்படையிலான எம்.பி.பி.எஸ். விதிகள், மருத்துவக் கல்லூரிகளில் திறன் ஆய்வகத்தைக் கட்டாயமாக்கின. நல்ல விதி. அறை கட்டியாயிற்று, பொம்மைகள் வந்தாயிற்று. பல இடங்களில் ஆய்வுக் குழு வரும் நாளில்தான் அந்த அறை திறக்கிறது. பொம்மைகளின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் இருப்பதைப் பார்க்கும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. ஹெட்செட்டுகளும் அப்படிப் பெட்டிக்குள் உறங்கப்போகின்றன என்றால், அந்தப் பணத்தை வார்டுக்கு ஒரு நல்ல சக்‌ஷன் கருவி வாங்கச் செலவிடுங்கள் என்றே சொல்வேன்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008-இல் ஓடத் தொடங்கியது. சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. நோயாளி முன்னைவிட விரைவாக வாசலுக்கு வந்துவிடுகிறார். வாசலில் நிற்பவர் பெரும்பாலும் ஒரு ஹவுஸ் சர்ஜன், ஒரு ஸ்டாஃப் நர்ஸ். ஆம்புலன்ஸுக்குள் இருப்பவர் ஓர் அவசர மருத்துவ உதவியாளர். பயிற்சி என்று பேசும்போது எம்.பி.பி.எஸ். மாணவரை மட்டும் நினைப்பது பெரும் பிழை. ஹெட்செட்டை எளிதில் ஒரு பையில் எடுத்துப்போகலாம். அதை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும், தாலுகா மருத்துவமனைக்கும், ஆம்புலன்ஸ் நிலையத்துக்கும் எடுத்துச் செல்லுங்கள். பெருநகரத்துக் கல்லூரிகளில் இன்னொரு காட்சிப்பொருளாக அது நிற்க வேண்டியதில்லை.

கல்லூரி முதல்வர் அவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: கருவி வாங்கும் கோப்பில் கையெழுத்திடும் அதே நாளில், வாரத்துக்குச் சில மணி நேரம் வேறு பணி இல்லாமல் இந்தப் பயிற்சியை மட்டுமே நடத்தும் ஆசிரியர்களின் பெயர்ப் பட்டியலிலும் கையெழுத்திடுங்கள். செவிலியர் கல்லூரியிலிருந்தும் அதில் பெயர் இருக்கட்டும்.

மாணவர்களுக்கு: டியூப் போடுவதை, வடிகுழாய் வைப்பதை, நெஞ்சை அழுத்துவதைப் பொம்மையில் பழகுங்கள்; கை ஓயும் வரை பழகுங்கள். ஹெட்செட்டைக் கண்ணுக்கும் முடிவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். தெரியாதபோது மூத்தவரைக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

அவசர சிகிச்சைத் துறை ஆசிரியர்களுக்கு: இந்த ஆண்டுக்குள் ஒரே ஒரு காட்சியை நீங்களே எழுதுங்கள். உங்கள் கேஷுவாலிட்டிக்கு உண்மையில் வரும் நோயாளி, அவர் பேசும் தமிழ், அவரோடு வரும் உறவினர் கூட்டம், உங்கள் அலமாரியில் உண்மையில் இருக்கும் மருந்துகள். பொறியியல் கல்லூரி மாணவர்களை அழைத்து அதைச் செய்து வாங்குங்கள். ஆர்வமுள்ள பிள்ளைகள் பக்கத்திலேயே இருக்கிறார்கள். செய்து முடித்ததும் அடுத்த மாவட்டக் கல்லூரிக்கு விலை இல்லாமல் கொடுங்கள். அவர்கள் எழுதியதைக் கேட்டு வாங்குங்கள்.